மாமனாரின் நுரையீரல் நன்றாகத்தான் இருந்தது

என் நாத்தனாருக்குத் தெருவில் வைத்த பெயர் ‘ஹலோ அக்கா’. டாக்ஸி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட்டில் போன் எடுப்பவள். குடித்துவிட்டு உளறுபவனிடம்கூட, எங்கிருந்து எங்கே போகணும் சார் என்று குழைந்து கேட்பாள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அவள் வாயில் முதலில் வருவது அதே கேள்விதான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவள் எப்போது தூங்குகிறாள் என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து படுத்த படுக்கை, வலிக்கு வீரியமான மாத்திரை வேறு. கல்யாணம் ஆகாதவள், அப்பா கூடவே இருப்பவள் என்று அவரை அவள் தலையில் கட்டிவிட்டோம். என் வீட்டுக்காரரும் நானும் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போய், அரை மணி நேரம் நல்ல பிள்ளை வேஷம் போட்டுவிட்டு வருவோம். ராத்திரி முழுக்க அவளை ஊரார் கூப்பிடுவார்கள். பகல் முழுக்க அப்பா கூப்பிடுவார். தண்ணீர் கொடு, ஜன்னலைச் சாத்து, ரிமோட் எங்கே, ஒன்றுமில்லை சும்மாத்தான் கூப்பிட்டேன். தங்கமான மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

அந்த ஞாயிறு மத்தியானம் நாங்கள் போனபோது நாத்தனார் முன்னறையில் பாயில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மாமனார் உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தார். உலுக்கினால் கண்ணைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே மணிக்கட்டில் ரத்தம் எடுத்த கையோடு ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். படுத்தே கிடப்பவர், காலில் ரத்தம் கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்கும், அதற்கு ஊசி போட்டுவிடலாம் என்றார் சின்ன டாக்டர். நாங்கள் தலையாட்டினோம். நாத்தனார் எங்களைவிட வேகமாக ஆட்டினாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பெரிய டாக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஊசியை நிறுத்தச் சொன்னார். எங்களுக்கும் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் காற்றுப்பைகளில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்திருக்கும் என்று கணக்கிடலாம். ரத்தத்தில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்று அளந்தே பார்த்தாயிற்று. அடைப்போ சளியோ இருந்தால் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழும். இவருக்கு வயசுக்கு ஏற்ற இடைவெளிதான். தன்னிடம் வந்ததை நுரையீரல் ஒழுங்காக ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டது, வந்ததுதான் குறைவு. வெளியே போக வேண்டிய கரியமில வாயுவும் ஏறிக் கிடந்ததாம்.

“நுரையீரல் மேல தப்பு இல்ல. மூச்சையே ஏதோ அமுக்குது. வலி மாத்திரையைத் தவிர வேற என்ன கொடுத்தீங்க?”

ஒன்றுமே கொடுக்கவில்லை, அக்கா பார்த்துப் பார்த்துச் செய்பவள் என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு நற்சான்றிதழ் வேறு கொடுத்தார். நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பேசாமலிருந்தால் இல்லாத அடைப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் அந்த மூச்சு நின்றாலும் நின்றுவிடும். பேசினால் தம்பி முகத்தில் இனி விழிக்க முடியாது.

“நான்தான் டாக்டர்,” என்றாள். “என் தூக்க மாத்திரையில ரெண்டு, டீயில கலந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் கூப்பிடாம இருந்தாப் போதும்னு நெனச்சேன்.”

என் வீட்டுக்காரர் அவளை விட்டுத் தள்ளி நின்றார். எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பொங்கிய வேகத்திலேயே அடங்கியும் போனது. ஒரு பகல், ஒரே ஒரு பகல் நீ தூங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டாள்.

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்ததுதான் வினை என்று சொல்லிவிட்டு, மருந்தின் வேகத்தை முறிக்கும் ஊசி போட்டார். மூச்சுக்குத் துணையாக ஒரு மெஷினும் வைத்தார்கள். இருட்டுவதற்குள் மாமனாரின் உதட்டில் ரத்த ஓட்டம் தெரிந்தது.

நாத்தனார் வாசற்படியிலேயே நின்றாள், கிட்டே போகவில்லை. நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றியதும் அவர் அவளைத்தான் தேடினார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

“கண்ணெல்லாம் செவந்திருக்கே,” என்றார். “நீ கொஞ்சமாவது தூங்கினியாம்மா?”

“தூங்கினேன்ப்பா,” என்றாள் அவள். “ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா தூங்கினேன்.”

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.