எழுபது மைல் வேகத்தில் ஓர் அறிவுரை

இன்று காலை பிளானோ நகரின் டோல்வே நெடுஞ்சாலையில் என் ரதம் எழுபது மைல் வேகத்தில் பறந்துகொண்டிருந்தது.

"காரோட்டும்போது போனைத் தொடாதீர்கள்" என்று ஒரு மெசேஜ் வந்தது. உலகைக் காக்கும் பொறுப்போடு, ஓட்டியபடியே அதை நம் நண்பர்கள் குழுவுக்கு ஃபார்வர்ட் செய்தேன்.

பக்கத்து சீட்டில் மனைவியின் போன் சிணுங்கியது. அதே நொடி, மெக்சிகோவுக்கே கேட்கும்படி ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பாதிக் கார் அதன் லேனில் இருந்தது. வெடுக்கென்று திருப்பினேன்.

"ஏங்க, இத இப்ப அனுப்புனது நீங்களா?"

"சமூக சேவைம்மா."

"எக்ஸிட் எடுங்க. நான் ஓட்டுறேன்."

எமனையே திருப்பியனுப்பிய மாவீரனான நான் பணிவாக எக்ஸிட் எடுத்து இடம் மாறினேன்.

இதைப் பக்கத்து சீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். அந்த அறிவுரைக்கு அதற்குள் பன்னிரண்டு லைக். அதில் எத்தனை பேர் ஓட்டிக்கொண்டே போட்டீர்கள்? ஒப்புக்கொள்ளுங்கள், வண்டியை நிறுத்திவிட்டு.