வருகிற சட்டமும் இருக்கிற சட்டமும்

சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, மற்றவர்களுக்கு வந்த கெட்ட செய்தியை அவர்களுக்கு முதல் நாம் வாசிக்கிற வேலை. கல்முனையில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடையறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ரப்பர் முத்திரை. சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவேன், தமிழில் தருவதைச் சிங்களமாக்குவேன். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று சாதுவான கடதாசிகள்தான். முன்பு பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்ததால் ஊருக்கு நான் மிஸ். இளைய பெண்களுக்கு ராத்தா, அதாவது அக்கா. அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தை அடுத்த வீட்டாருக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் முகம் மாறும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

தற்காலிகம்

ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. சாய்ந்தமருதில் றினோசா என்ற பெண்ணின் கணவர் நஸாரைக் கொண்டு போனார்கள். நஸார் ஒலுவில் துறைமுகத்தில் படகு இன்ஜின் திருத்துகிறவர். தேடப்பட்ட ஒருவரின் தொலைபேசியில் அவருடைய இலக்கம் இருந்தது. அந்த ஆள் ஒரு தடவை இன்ஜின் திருத்தக் கொடுத்தவர், அவ்வளவுதான் விஷயம் என்றாள் றினோசா. அவ்வளவுதான் என்று நீதிமன்றமும் சொன்னது. அதற்கு ஆறு வருடம் எடுத்தது.

தடுப்புக் கட்டளை சிங்களத்தில் இருந்தது. நான் வாசித்தேன்: பயங்கரவாதத் தடை, அடைப்புக்குறிக்குள் 'தற்காலிக ஏற்பாடுகள்', சட்டம். அதன் பெயரே அதுதான். அந்தச் சட்டம் வந்தபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். இப்போது தலையில் பாதி நரை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகம் வெளித்துவிட்டது.

"தற்காலிகம் எண்டுதானே போட்டிரிக்கு ராத்தா, அப்ப பெருநாளைக்கு முதல் விட்டிருவாங்க."

காரைதீவிலிருந்து வந்தவர்

கட்டளையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் றினோசா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் காரைதீவுத் தமிழ் அக்கா ஒருவர், மகனின் பிறப்புச் சான்றிதழோடு இருந்தார். இவள் அழுவதைப் பார்த்து விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் 'அழாதே' என்று சொல்லவில்லை. சோறு கொண்டு போனால் உன்னைத்தான் முதலில் ஒரு பிடி சாப்பிடச் சொல்வார்கள், பசியோடு போ என்றார். நாடா உள்ள உடுப்பு எதையும் உள்ளே எடுக்க மாட்டார்கள் என்றார். அடையாள அட்டைப் பிரதி மூன்று வைத்துக்கொள், ஒன்றைத் தொலைத்துவிட்டோம் என்பார்கள் என்றார்.

அவருடைய தம்பி யுத்த காலத்தில் இதே சட்டத்தில் வருடக்கணக்காக உள்ளே இருந்தவர். முஸ்லிம்கள் இருக்கிற சாய்ந்தமருதுக்கும் தமிழர் இருக்கிற காரைதீவுக்கும் நடுவில் ஒரு வீதிதான் எல்லை. அந்த வீதியைக் கடந்து போய், தம்பிக்கு என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்திலிருந்து யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நானும் கேட்கவில்லை. அவர் அதைக் குத்திக் காட்டவில்லை. எழும்பிப் போகும்போது றினோசாவின் தோளில் கை வைத்து ஒன்று மட்டும் சொன்னார்.

"நாங்க எண்பதுகள்ல இருந்து இந்தச் சட்டத்தைப் படிக்கிறம் பிள்ளை, உங்கட ஆக்கள் இப்பதான் பள்ளிக்கூடத்தில சேர்ந்திருக்கிறீங்க."

அவருக்கு வராத தமிழ்

மூன்று வருடம் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தது. அதோடு நஸார் கொடுத்ததாக ஓர் ஒப்புதல் வாக்குமூலம், சிங்களத்தில் ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அவருடைய கையெழுத்து. மீன் ஏற்ற வருகிற லொறிக்காரர்களோடு கதைக்கிற அளவுக்கு நஸாருக்குச் சிங்களம் வரும். வாசிக்கத் தெரியாது.

சட்டத்தரணிக்காக அதைத் தமிழாக்கினேன். அவர் சொன்னபடி றினோசாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 'மேற்படி நபரின் நோக்கங்களை அறிந்திருந்தும் அவருக்கு ஒத்தாசை புரிந்தேன்' என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். இவ்வளவு நல்ல தமிழ் அவருக்கு வராதே என்றாள். தமிழ் என்னுடையது, சிங்களம் எழுதியவர்களுடையது என்றேன். அவள் ஒன்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அப்ப இதுல அவர்ட எண்டு கையெழுத்து மட்டும்தானா ராத்தா?"

சட்டமூலம்

அடுத்த வருடம், பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது கொண்டுவரப் போவதாக அரசாங்கம் ஒரு சட்டமூலத்தைத் தன் இதழான வர்த்தமானியில் போட்டது. எங்கள் பக்கத்து எம்பி ஒருவரின் செயலாளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். தமிழ்ப் பிரதியும் இருந்தது. ஆனால் அந்தத் தமிழில் பேசினால் எம்பிக்கே விளங்காது, ஆட்கள் கதைக்கிற தமிழில் சுருக்கித் தாருங்கள் என்றார். பயப்பட வேண்டிய வாசகங்கள் அதில் நிறைய இருந்தன. ஆனால் நடுவில் ஓரிடம் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை இனி ஒருவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது. நஸாருக்கு எதிராக இருந்தது அது ஒன்றுதான். பின்னேரமே றினோசாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கடைசி நாலு பக்கத்தையும் நான் அப்போது வாசித்திருக்கவில்லை.

அந்தக் கிழமைதான் அரச தரப்பில் நஸாருக்கு ஒரு வழி காட்டியிருந்தார்கள். குற்றத்தை ஏற்றுக்கொண்டால், உள்ளே இருந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்து, சில மாதத்தில் வெளியே வரலாம். சட்டத்தரணி முடிவை அவர்களிடமே விட்டார். சட்டமூலம் இன்னும் சட்டமல்ல என்றும் எச்சரித்தார். ஆனால் றினோசாவின் காதில் என் குரல்தான் இருந்தது. அடுத்த பார்வை நாளில் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, நான் சொன்னதை அப்படியே கணவரிடம் சொன்னாள். திரும்பி வந்து அவருடைய பதிலை எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"செய்யாததைச் செஞ்ச எண்டு சொல்ல மாட்டாராம்; புதுச் சட்டம் வரட்டும், அதுமட்டும் இரிக்கிறன் எண்டார்."

நேரலை

சட்டமூலம் விவாதத்துக்கு வரவில்லை. ஆனாலும் பாராளுமன்றத்தில் அதைப் பற்றிக் கதைக்காத கிழமை இல்லை. சிறைச்சாலையைப் பற்றி விவாதமா, அமைச்சின் செலவைப் பற்றியா, வெளிநாட்டு ஏற்றுமதியைப் பற்றியா, எல்லாவற்றிலும் வராத அந்தச் சட்டம் வந்து நடுவில் குந்திக்கொள்ளும். ஒரு நாள் எம்பி நஸாரின் பெயரைச் சொல்லிப் பேசப்போவதாகச் செயலாளர் அறிவித்தார். றினோசா மாமனாரையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். நஸாரின் வாப்பாவுக்குக் காது மந்தம். கதிரையைக் கணினிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எம்பி நன்றாகத்தான் பேசினார். நஸார் என்பதை 'நிஸார்' என்றார். அமைச்சர் சிங்களத்தில் பதில் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று வாப்பா என்னைக் கேட்டார். என் தொழிலில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. புதிய சட்டம் வரப்போவதால், பழைய சட்டத்தில் உள்ளே இருக்கும் தனித்தனி ஆட்களைப் பற்றி இப்போது பேசுவது பொருத்தமில்லையாம் என்றேன். வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"வரல்ல எண்டு ஆளை உள்ளுக்கு வைச்சிரிக்காங்க, வரப்போகுது எண்டு கதைக்கவும் விடமாட்டாங்களா மகள்?"

அதே பேச்சு

சட்டமூலத்தைத் திருத்தினார்கள். சிலர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். மறுபடி திருத்தினார்கள். அதற்கிடையில் நஸாரின் வாப்பா மௌத்தாகிவிட்டார். ஜனாஸா அடக்கத்துக்கு மகனைக் கொண்டுவர அனுமதி கேட்ட கடிதத்தை நான்தான் சிங்களத்தில் எழுதினேன். அடக்கி நாலாம் நாள் பதில் வந்தது. அனுமதி இல்லை என்ற இரண்டு வரியையும் நான்தான் தமிழில் வாசித்தேன்.

பிறகு பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள். சட்டமூலமும் அதோடு போனது. தேர்தல் முடிந்து எதிர்ப் பக்கம் இருந்தவர்கள் ஆளும் பக்கம் வந்தார்கள். புதிய வரைவு தயாராகிறது என்றார்கள். செயலாளர் மறுபடி வந்து, புதிய அமைச்சரின் சிங்களப் பேச்சு ஒன்றைத் தந்து தமிழாக்கச் சொன்னார். இரண்டாம் பந்தியில் எனக்குச் சந்தேகம் வந்தது. கணினியில் கிடந்த பழைய அமைச்சரின் பதிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். புதிய சட்டம் வரப்போவதால் தனித்தனி ஆட்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லை என்பது வரைக்கும் ஒரே பேச்சு. செயலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப ஒங்களுக்கு வேல லேசு மிஸ், அமைச்சர்ட பேரை மட்டும் மாத்துங்க."

விடுதலை

கடைசியில் நஸார் வெளியே வந்தார். அந்த வாக்குமூலம் அவர் சுயமாகக் கொடுத்தது என்று நம்ப முடியாது என்றார் நீதிபதி. வேறு சாட்சி ஒன்றும் இல்லை. வழக்கைக் கைவிட்டார்கள். புதிய சட்டம் வரவேயில்லை. பழைய சட்டம் இருந்த இடத்தில் இருக்கத்தான் இது நடந்தது.

செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். உண்மையான சந்தோசம்தான். பிறகு அந்தப் பக்கம் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. மறுநாள் எம்பி பேசுகிற நாள்.

"அப்ப பேச்சுல 'இன்னும் உள்ளுக்கு இரிக்கார்' எண்டு வாற இடத்துக்கு வேற ஆள் ஒருத்தர் இரிக்காரா மிஸ்?"

இலக்கம்

நஸார் ஒலுவிலில் கடையைத் திறந்தார். சாமான்கள் துருப்பிடித்திருந்தன, கை மறக்கவில்லை. பழைய ஆட்கள் வந்து கட்டிப்பிடித்தார்கள், சிலர் அழுதார்களாம். ஆனால் இன்ஜின் வரவில்லை. மூன்றாம் கிழமை ஒருவர் கொண்டுவந்தார். முன்பு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர். வழக்கம்போல நஸார் கொப்பியைத் திறந்து, பெயரை எழுதிவிட்டு, தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். அந்த மனிதர் கடலைப் பார்த்தார்.

"வேல முடிஞ்சா நீ கோல் எடுக்காத நஸார், நானே வந்து பாத்துக்கிறன்."

கடைசி நாலு பக்கம்

அதனால்தான் நஸாரும் றினோசாவும் விடுதலைக் கட்டளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அதைத் தமிழாக்கிக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். ஆறு வருடமாக நான் எழுத்தில் மட்டும் அறிந்த மனிதரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். மெலிந்த ஆள், கதிரையின் நுனியில் இருந்தார். தமிழாக்கி, முத்திரை குத்திக் கையில் கொடுத்தேன். அவர்கள் எழும்பும்போது, இருங்கள், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னேன். அந்தச் சட்டமூலத்தின் கடைசி நாலு பக்கத்தையும் இரண்டு நாள் கழித்துத்தான் வாசித்தேன். பழைய சட்டத்தில் தொடங்கிய வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும் என்று அங்கே இருந்தது. அது நிறைவேறியிருந்தாலும் நஸாருக்கு ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது. அது தெரிந்த பிறகும் நான் தொலைபேசி எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் அவர், குற்றத்தை ஏற்றுச் சில மாதத்தில் வெளியே வருகிற அந்த வழியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

நஸார் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சட்டம் வருகுது வருகுது என்று நினைத்துத்தான் அங்கே நித்திரை கொண்டேன் மிஸ், அது இல்லாவிட்டால் நித்திரையும் வந்திருக்காது என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். றினோசா கட்டளையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கதவடியில் நின்றாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"அந்த நாலு பக்கத்தையும் அண்டைக்கே வாசிச்சிருந்தா, மாமா மகன்ட கையால மண் வாங்கியிருப்பார் ராத்தா."

இத்தனை வருடத் தொழிலில் நான் கண்டது இதுதான்: நிறைவேறிய சட்டத்துக்குப் பாராளுமன்றம் பதில் சொன்னாலும் சொல்லும், நிறைவேறாத சட்டத்துக்கு அதை வாசித்துக் காட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.