கேட்டில் பிடிபட்ட கேக்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது, உக்குவளையில் ஒரு பாடசாலை கேட்டுக்குப் பக்கத்தில், அடுத்தவர் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டு நின்றபோதுதான். இந்த 2008ஆம் வருஷம், இரண்டாம் தவணை தொடங்கிய வாரம். மறக்க முடியாத அனுபவம் என்றால் கொஞ்சமாவது பழசாக வேண்டாமா என்று கேட்காதீர்கள். இது இன்னும் முடியக்கூட இல்லை. ஆனால் மறக்கப் போவதில்லை என்று இப்பவே தெரிகிறது.

பஸ்ஸிலும் ரயிலிலும் பார்சல் குண்டு வெடிக்கிற காலம். அதனால் எல்லாப் பாடசாலையிலும் பெற்றோர் முறை வைத்து கேட்டில் நின்று பிள்ளைகளின் பைகளைச் சோதிக்கிறார்கள். எங்கள் வீட்டு முறைக்கு நான் போவேன். எனக்கு இருபது வயது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியும்வரை மாத்தளையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு, சாயங்காலம் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். வழியெல்லாம் செக்கிங், லொட்ஜில் பொலிஸ் பதிவு என்று, மாசம் ஒரு தடவை வந்தவர் இப்போது வருவதே குறைந்துவிட்டது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. வீட்டில் நானும் மூன்றாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சியும்தான். ராத்திரி ரேடியோவை நிறுத்திவிட்டால் பக்கத்து வீட்டுக் கோழி அசைவதுகூடக் கேட்கும்.

முதல் நாள் நான் கேட்டில் போய் நின்றதும் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்:

"என்ன தம்பி, நீங்க எந்தப் புள்ளயோட அம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

பைகளைத் திறக்கத் திறக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோறோ ரொட்டியோ கொண்டு வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கடையில் உறை போட்டு விற்கிற பக்கெட். பிஸ்கட், சிப்ஸ், ஷொப்பிங் பேக்கில் சுற்றிய கிரீம் பணிஸ், வேகவைக்காமல் அப்படியே நொறுக்கித் தின்கிற நூடில்ஸ். என் தங்கச்சியின் பையிலும் அதே கதை. அம்மா அங்கிருந்து பெட்டி பெட்டியாக அனுப்புகிற, மினுங்குகிற உறைக்குள் வட்டமான சின்னக் கேக். காலையில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுவிட்டால் என் வேலை முடிந்தது.

அப்போதுதான் மின்னல் மாதிரி அடித்தது. கேட்டில் நிற்க முறை வைக்க முடிகிறதே, சமைக்க முறை வைக்க முடியாதா? ஒரு வகுப்பில் முப்பது வீடு. ஒவ்வொரு நாளும் இரண்டு வீட்டில் சமைத்தால் எல்லாப் பிள்ளைக்கும் சுடச்சுடச் சாப்பாடு. ஒரு வீட்டுக்கு மாசத்தில் இரண்டு தடவைகூட வராது. நான் அன்று கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு எழுத்தும் படிக்கவில்லை. இதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். வீட்டுச் சாப்பாடு என்றால் என்ன, அதில் என்ன சத்து, உறையில் அடைத்து வருவதில் என்ன கலக்கிறார்கள், எல்லாம். கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

கொழுந்து எடுக்கிற அம்மா: "விடியக்காலம் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கணும் தம்பி. எம் புள்ளைக்கே ஆக்க நேரமில்ல, இதுல முப்பது புள்ளைக்கா? அடுப்பு இல்ல, ஃபக்டரிதான் வைக்கணும்."

டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, ஒரு முஸ்லிம் அம்மா, மெதுவாகச் சொன்னார்: "மகன், நீங்க சொல்றது நல்ல விஷயம். ஆனா பக்கெட்டுல ஹலால்னு அடிச்சிருக்கும். ஒவ்வொரு வீட்டுலயும் போயி சட்டியப் பாக்க ஏலுமா? கோவிச்சுக்க வேணாம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர்: "யாரு ஆக்குனதுன்னு தெரியாத சோத்த இந்தக் காலத்துல எப்படிங்க குடுக்கிறது? ஒரு புள்ளைக்கு வயித்து வலி வந்தாலும் நாளைக்கு என்ன கத கட்டுவாங்க?"

இன்னொரு அம்மா எழுந்தார். "நான் ஒண்ணு கேக்கிறேன். சோத்துப் பார்சல் கொண்டாந்தா கேட்டுல நீங்கதான பிரிச்சுக் கெளறிப் பாக்கிறீங்க? பத்துப் பேர் கை பட்ட சோறு. பக்கெட்டுனா சீல் இருக்கு, ஒருத்தரும் தொட மாட்டாங்க."

மண்டபமே சிரித்தது. யாருடைய கையும் படாததுதான் அந்தப் பக்கெட்டின் பெருமை என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

என் முறைச் சமையல் அங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் பாடசாலை அதிபருக்கு வேறொன்று பிடித்துப்போயிற்று. மைதானம் முழுக்கப் பக்கெட் உறை பறக்கிறதாம். இந்தத் தம்பி சொல்வது சரி என்று சொல்லி ஒரு சட்டம் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து கடைப் பக்கெட் கூடாது, வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். மீறிக் கொண்டு வந்தால் கேட்டில் நிற்கிறவர்கள் எடுத்து ஒரு பெட்டியில் வைத்து, பள்ளி விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கேட்டது அதுவல்ல. ஆனாலும் என் பேச்சால் ஏதோ ஒன்று நடந்துவிட்டதே என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அங்கிருந்து போன் எடுத்தபோது பெருமையாகச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன் தம்பி. நல்லதுதான். அந்தப் பெட்டியில கேக்கு இன்னும் இருக்கா?"

"நெறைய இருக்கும்மா."

"எறும்பு வராம வையி."

அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கேட்டில் என் முறை. அன்று விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்து, தங்கச்சியின் டப்பாவில் வைத்து மூடியிருந்தேன். ஒரு ரொட்டி கருகிவிட்டது, அதை நான் சாப்பிட்டேன். கேட்டில் என்னோடு அந்தக் கொழுந்து எடுக்கிற அம்மாவும், துணிக்கடை அம்மாவும். முதல் அரை மணித்தியாலத்திலேயே அட்டைப் பெட்டியில் பாதி நிறைந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற அம்மாவின் மகன் வந்தான். அவன் பையில் ஒரு பிஸ்கட் பக்கெட். அம்மாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

அவனுக்கு இரண்டு பிள்ளைக்குப் பின்னால் என் தங்கச்சி.

அவள் பையை நான் பார்க்கவே தேவையில்லை. நானே கட்டிய பை. சும்மா முறைக்குக் கையை விட்டேன். மழைக்கோட்டுக்கு அடியில் ஏதோ சரசரவென்றது. வெளியே எடுத்தேன். மினுங்குகிற உறை. அந்தக் கேக்.

"இத யாரு வச்சா?"

"நான்தான்."

"கடை பக்கெட் கொண்டாரக் கூடாதுன்னு அண்ணே சொன்னேனா இல்லையா?"

"இது கடை இல்ல." அவள் குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அம்மா அனுப்புனது. வீட்டுச் சாப்பாடுதான்."

வரிசை நின்றுவிட்டது. பின்னால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். துணிக்கடை அம்மா என் கையைத் தொடாமல் தொட்ட மாதிரி, "விடுங்க மகன், புள்ள கொண்டு போகட்டும்," என்றார். விட்டிருப்பேன். ஆனால் கொழுந்து எடுக்கிற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனின் பிஸ்கட் பக்கெட், பெட்டிக்குள் மேலாகக் கிடந்தது. கேக்கை அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

தங்கச்சி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். "ஞாயந்தான் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் பையை வாங்கினார். அத்தனை பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். அந்த வாசலில் அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

பள்ளி விட்டதும் கேக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தால், காலி. ரொட்டி முழுதும் சாப்பிட்டிருக்கிறாள், சம்பல்கூட மிச்சமில்லை. அப்படியானால் கேக்கை ஒளித்து வைத்தது பசிக்கு இல்லை, ருசிக்கும் இல்லை. வேறு ஏதோ. கேக்கை மறுபடி அம்மாவின் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்:

"இப்ப தின்னேன், யாரு வேணாங்கிறா?"

"வீட்ல திங்கிறது இல்ல அது."

"பின்ன?"

"இன்டர்வெல்ல எல்லாரும் அவங்கவங்க அம்மா குடுத்தத திம்பாங்கல்ல. அப்ப திங்கிறது."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், விளக்கை அணைத்தால் படுத்தாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் அது என்ன வீடு?

புதன்கிழமை தாங்க முடியாமல் போன் கார்ட் வாங்கி நானே அம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு இங்க மொத வேலையே அதுதான் தம்பி. மூணு புள்ளைக்கு ஸ்கூல் சாப்பாடு கட்டணும். பாண் ஸ்லைசோட ஓரத்த வெட்டிருவேன், ஒருத்தனுக்கு வெள்ளரிக்கா ஆகாது, சின்னதுக்கு முட்டைய உரிச்சு ரெண்டா வெட்டி வைக்கணும். டப்பாவ மூடுறப்ப நம்ம புள்ளைக்கு இன்னிக்கு யாரு மூடுனாங்களோன்னு வரும். அதனாலதான் அந்தக் கேக்கு. நான் அனுப்புறதுல அது ஒண்ணுதான் அவ ஸ்கூலுக்குள்ள போகும்."

அம்மாவே மேலே பேசினார்.

"வெள்ளிக்கிழம இங்க லீவு. இந்தப் புள்ளைங்களுக்குக் கட்டத் தேவையில்ல. உங்களுக்கு ஸ்கூல் இருக்குதுல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப நீ எந்திரிச்சதும் எனக்குப் போன் எடு. நான் சொல்லச் சொல்ல நீங்க ரெண்டு பேரும் செய்யுங்க. அவள மாவு பெசையச் சொல்லு."

"அங்க அப்ப விடிஞ்சிருக்காதேம்மா."

"எனக்கு இங்க தூக்கம் ஏதுடா. மேடம் எந்திரிக்கப் பத்து மணியாவும். நான் மெதுவா பேசுறேன், நீ போன ஸ்பீக்கர்ல போட்டு அடுப்புப் பக்கத்துல வையி."

"அந்தப் புள்ளைங்களுக்குச் செய்யிற மாதிரி, பாண்ல..."

"அது வேணாம்," என்றார் அம்மா, சட்டென்று. "அவங்களுக்குச் செய்யிறத எம் புள்ளைக்குச் செய்ய மாட்டேன். வேற செய்வோம். காலையில சொல்றேன்."

இதை எழுதுவது வியாழக்கிழமை சாயங்காலம். தங்கச்சியிடம் சொன்னேன். மாவு டின்னைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினாள். இரண்டு முட்டை இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது பின்பக்க ஜன்னலருகே மட்டும்தான் என்பதால் அடுப்பை அங்கே நகர்த்தி வைத்துவிட்டேன். கார்ட்டில் காசு பாதியில் முடியலாம், மேடம் எழுந்துவிடலாம், மாவு களியாகலாம். நாளைக்குக் கேட்டில் என் முறையும் இல்லை. யாரோ ஒரு அம்மா அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, சரி போ என்று விட்டுவிடுவார். கடல் தாண்டி ஒருத்தி அங்கத்து லீவு நாளில் கட்டிக் கொடுத்த சாப்பாடு அது என்று அவருக்குத் தெரியப் போவதில்லை. ஊருக்கே வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவன் நான்; அதை யார் கட்டிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஒரு பிள்ளைக்குப் பாதிச் சாப்பாடு என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது, நாளைக் காலையில்தான் முதன்முறையாகச் செய்து பார்க்கப் போகிறேன்.