காய்ச்சல் அறைக்கு ஒரு பங்கு

எங்கள் ஊர்த் தமிழர் சங்கத்தில் வருஷத்திற்கு ஒரு தர்ம தினம் வைக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் ஒருவர் பேசினார். அன்றைக்குக் கடைகளை அரை நாள் மூடிவிட்டு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் திக்கற்றவர்களுக்கும் சாப்பாடும் துணியும் கொடுப்பதென்று யோசனை. எல்லோரும் தலையாட்டினார்கள். "நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவரு. எழுந்து ரெண்டு வார்த்தை ஆதரிச்சுச் சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார்கள். எழுந்து நின்றேன். தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஜோகூரில், லாபிஸ் ரயிலடியிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில் நான் சின்ன டிரசராக, மருந்து ஊற்றிக் கட்டுப் போடுகிற வேலையில், இருந்தேன். அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. டாக்டர் மாதத்திற்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் தோட்டத்து ஆஸ்பத்திரி பெரிய டிரசர் பொறுப்பு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்து பேசுவார், அளந்துதான் மருந்தும் ஊற்றுவார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகையில் பலகைக் கட்டில்கள் இருக்கும். அதற்கு அப்பால், ஒட்டும் நோய்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன அறை. அதைக் காய்ச்சல் அறை என்போம்.

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. நோயில் விழுந்தவன் சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போகாவிட்டால் வேலையாள் பதிவேடான செக்ரோலில் அவன் பெயர் இருக்காது. பெயர் போனால் லயத்து அறையும் போகும், அப்புறம் ஊருக்குத் திரும்பக் கப்பல்தான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு தர்ம நாள் இருந்தது. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் பெரிய கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்து நோயாளிகளுக்கெல்லாம் தம் கையால் சோறு போடுவார். அவருடைய ஒரே மகன் சின்ன வயதில் மலேரியாக் காய்ச்சலில் நினைவு தப்பி அங்கே கிடந்து பிழைத்தவன். அன்றைக்கு அவர் வேண்டிக்கொண்டது அது. ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. வடை பாயசத்தோடு சாப்பாடு. கூடவே கம்பளியும் பால் டின்னும் வரும். முதல் கவளத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் தாமே எடுத்துக் கொடுப்பார். அப்போது அவர் கண் கலங்கியிருக்கும். அது வேஷமில்லை. பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் காய்ச்சல் அறையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். முப்பது வயதிருக்கும். எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் உண்டு. குடல் காய்ச்சல், டைபாய்டு. வாரக்கணக்கில் கொதித்துக் கிடந்தார். அந்த நோய்க்கு அப்போது மருந்தென்று பெரிதாக எதுவும் கிடையாது. பார்லித் தண்ணீரும், தண்ணீர் விட்டுக் கலக்கிய டின் பாலும், ஈரத்துணியும், காத்திருப்பதும்தான். அவர் பிழைத்துவிட்டார் என்றே நினைத்தோம். திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் காய்ச்சல் இறங்கியது. கண் தெளிந்தது. பசி வந்தது.

ஆபத்து அந்தப் பசியில்தான் இருந்தது. பெரிய டிரசர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "காய்ச்சல் விட்டாலும் உள்ளுக்குக் குடலிலை புண் ஆறேல்லை. ஈரக் கடதாசி மாதிரி இருக்கும். ஒரு பருக்கை போனாலும் பிச்சுக்கொண்டு போயிடும். இன்னும் பத்துப் பதினைஞ்சு நாளைக்குத் தண்ணி ஆகாரம் மட்டும். விளங்குதோ?"

விளங்கியது. நோயாளியின் மனைவிக்கும் விளங்கும்படி சொன்னேன். நோயாளிக்கும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, உங்கப்பன் உன்னைப் படிக்க வச்சது எனக்குத் தண்ணி ஊத்தத்தானா? இந்தக் கஞ்சித் தண்ணியில ஒரு பருக்கை இருக்கா, தேடிப் பாரு. இதுல குளிக்கலாம்."

"கொஞ்ச நாள்தாண்ணே."

"ஒனக்குக் கொஞ்ச நாள். என் வயித்தக் கேளு. நேத்து கனவுல கருவாட்டுக் குழம்பு வந்துச்சு. கைய வைக்கப் போறேன், நீ வந்து தட்டைத் தூக்கிட்டுப் போறே. கனவுலயும் ஒன்னைத்தான் காவலுக்குப் போட்டிருக்காங்க."

தர்ம நாள் நெருங்கியதும் எனக்குப் பயம் வந்தது. பக்கத்துக் கொட்டகையில் சாம்பார் மணக்கும்போது இந்த மனிதரை எப்படிப் படுக்க வைப்பது? கங்காணி வீட்டுக்கு நடந்தேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் அறைக்கு அன்றைக்கு வர வேண்டாம், பதினைந்து நாள் கழித்து அந்த ஒருவருக்கு மட்டும் ஒரு வேளைச் சோறு கொடுங்கள் என்று கேட்டேன்.

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கப்பனைக் கப்பலேத்திக் கொண்டாந்தவன் நானு. அவன் மவன் எனக்குத் தர்மம் சொல்லித் தர்ற காலமாப் போச்சு. சரி, டிரசரு சாப்பிடக் கூடாதுன்னா நான் ஊட்ட மாட்டேன். எனக்கென்ன பைத்தியமா? ஆனா இன்னொரு நாளைக்குங்கிறது தாபோலே, நடக்காது. நாளுன்னா நாளுதான். நாளு தப்பிப் போட்டா அது வெறும் சோறு. அதுல ஆத்தாளுக்கு என்ன கணக்கு?"

"அவருக்கு அப்பத்தாங்க சாப்பிட முடியும்."

"அவன் பங்கை அவன் பொஞ்சாதி கையில குடுத்துடுறேன். ஒரு படுக்கையையும் விடக் கூடாது. விட்டா என் வேண்டுதல் குறைஞ்சு போகும். நீ போ."

அந்த நாள் வந்தது. கூட்டம் நெரிந்தது. நோயாளிகளைவிடப் பார்க்க வந்தவர்கள் அதிகம். கங்காணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காய்ச்சல் அறை வாசலில் நின்று உள்ளே கும்பிட்டார். பிறகு சோறு, கறி, வடை எல்லாம் வைத்து மடித்த இலைப் பொட்டலத்தை நோயாளியின் மனைவி கையில் கொடுத்தார். "அவன் பங்கு ஆத்தா. அவன் பேருக்குக் குடுக்குறேன்" என்றார்.

"அக்கா, இதை வீட்டுக்குக் கொண்டு போயி புள்ளைங்களுக்குக் குடுங்க" என்றேன். தலையாட்டினாள். அதற்குள் கொட்டகையில் யார் மேலோ கொதிக்கிற பாயசம் கவிழ்ந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். ஓடினேன். புண்ணுக்கு மருந்து போட்டு, கூட்டத்தை வெளியேற்றி, எச்சில் இலைகளை அள்ளச் சொல்லிவிட்டு வருவதற்குள் தேநீர் வேளையாகிவிட்டது.

காய்ச்சல் அறையில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல வாரமாக நான் காணாத ஒரு முகம். "வா தம்பி" என்றார். "எனக்கு ஏப்பம் வந்துச்சு. எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

மனைவி கட்டில் காலோரம் உட்கார்ந்து இலையை மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள்: "கொஞ்சம்தான் தம்பி குடுத்தேன். நல்லாப் பிசைஞ்சுதான் குடுத்தேன். காய்ச்சல்தான் விட்டுப்போச்சே. கேட்டுக்கிட்டே இருந்தாரு. வருசத்துக்கு ஒரு தடவை வர்ற சோறு. பதினஞ்சு நாள் கழிச்சு நான் எங்க போயி யாரைக் கேப்பேன்? எவன் குடுப்பான்?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதினைந்து நாள் கழித்துக் கொடுங்கள் என்று நானே போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவன்தானே.

பெரிய டிரசரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பாப்பம்" என்றார்.

மறுநாள் காலை நோயாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். பிறகு சத்தமே இல்லை. வயிற்றில் கை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. வயிற்றை அறுத்துத் தைக்கிற இடம் ஜோகூர் பாருவில் இருந்தது. ரயிலடிக்குப் போகவே லாரி வர வேண்டும், மண் சாலை மழையில் சேறாகிக் கிடந்தது. பெரிய டிரசர் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார். அதற்கு மேல் எங்கள் இருவரிடமும் ஒன்றுமில்லை. அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார். கடைசிவரை நினைவு இருந்தது. மனைவியைப் பார்த்து, "சாம்பார் நல்லா இருந்துச்சு புள்ள" என்றார். அவளைத் தேற்றச் சொன்னாரா, நோவில் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தச் சோறா தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய டிரசர் எனக்கு முன்னால் வந்து நின்றார். "இல்லைப் பிள்ளை. காய்ச்சல் திரும்பினது. சோறு ஒண்டும் செய்யேல்லை. நீ வீணா யோசியாதை."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சாவுக்குக் கங்காணி வந்தார். செலவெல்லாம் அவரே ஏற்றுக்கொண்டார். "என் கைச்சோறு தின்னுட்டுத்தான் போயிருக்கான். புண்ணியவான்" என்று எல்லோரிடமும் சொன்னார். லயத்தில் பெண்களும் அதையே சொன்னார்கள். அது அந்த விதவைக்கு ஓர் ஆறுதலாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் பெரிய டிரசரிடம் பொங்கிவிட்டேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் எழுதிக் கொடுத்து இந்த நாளையே நிறுத்த வேண்டும் என்றேன். ஒரு நாள் மூக்குமுட்டச் சாப்பாடு போட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் திரும்பிப் பார்க்காதது தர்மமா என்று கேட்டேன். நோயாளியின் வயிறு பஞ்சாங்கம் பார்த்தா ஆறும் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பேசவிட்டார். பிறகு சொன்னார்: "இருந்து கேளும். அந்த மனுசனுக்கு இவ்வளவு நாளும் நீர் கரைச்சுக் குடுத்தீரே, அந்தப் பால் ரின் ஆர் தந்தது? கொம்பனியோ? கொம்பனி தாறது அரிசியும் உப்பும். போன வருசம் இதே நாளிலை கங்காணி தந்த பெட்டி அது. அந்த நாள் இல்லையெண்டால் அவன் முதல் கிழமையே முடிஞ்சிருப்பான். கங்காணி ஒரு நாளாவது தாறார். மற்றாக்கள் ஒரு நாளும் தாறதில்லை."

"அப்ப விட்டுடலாமா ஐயா?"

"நிப்பாட்ட வேணுமெண்டால் ஏன் எண்டு சொல்ல வேணும். துரைக்குச் சொன்னால் கணக்கெழுதிற கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிஞ்சால் பின்னேரத்துக்குள்ளை லயம் முழுக்கத் தெரியும். பிறகு அந்தப் பிள்ளை அங்கை இருக்கேலுமோ? தன்ரை கையைத் தானே பாக்கேலுமோ?"

துரைக்கு நான் எழுதவில்லை. அந்தப் பெண் பின்னாளில் பிள்ளைகளோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. இல்லையென்றால் இதை இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

எது சரி என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. தேதி குறித்தால்தான் நம் ஜனங்கள் கையை நீட்டுகிறார்கள் என்பது உண்மை. அந்தத் தேதி கொடுக்கிறவனுடையதாகவே இருக்கிறது என்பதும் உண்மை. எவ்வளவோ இடத்தில் எவ்வளவோ நல்லது நடந்திருக்கலாம். நான் பார்த்த அறையில் இரண்டு உண்மையும் ஒரே கட்டிலில் கிடந்தன.

அடுத்த வருஷமும் அந்த நாள் வந்தது. காய்ச்சல் அறையில் இந்தத் தடவை ஒரு பெண், அதே நோய், அதே கட்டம். காய்ச்சல் இறங்கி, பசி வந்து, கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். காலையிலிருந்து நான் முக்காலியைப் போட்டு வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையில் என்ன கவிழ்ந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று பெரிய டிரசரிடம் சொல்லியிருந்தேன். கங்காணி வந்து கும்பிட்டார். என்னைப் பார்த்து, "காவல்காரன் உத்தியோகமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பங்கைக் கொண்டுவந்தது அந்த விதவை. புருஷன் பேரைச் சொல்லி அந்த வருஷம் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் வந்திருந்தாள். பாதி மடித்த இலையில் சோறும் சாம்பாரும் வடையும் இருந்தன.

"நகருங்க தம்பி. அந்தப் புள்ளைக்குப் பங்கு."

"அதுக்குக் கொடுக்கக் கூடாதுக்கா. தண்ணி ஆகாரம்தான்."

"கொஞ்சூண்டு. நானே பிசைஞ்சு ஊட்டிட்டுப் போறேன். பாவம், பாத்துக்கிட்டே கெடக்கு."

"கூடாதுக்கா."

"ஏன் தம்பி? எங்க வீட்டுக்காரரும்தான் அன்னிக்குச் சாப்பிட்டாரு. அதனால ஒன்னுமில்லைன்னு பெரிய ஐயாவே சொன்னாரே."

அறைக்குள்ளிருந்த பெண் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். சாம்பார் வாசனை என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இவளுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம், அதை இவளிடம் மட்டும் சொல்ல முடியாது.

"எனக்குப் பசிக்குதுக்கா" என்றேன். இலையை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாசலிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். கடைசிவரை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து ஒன்னும் சாப்பிடலையா?" என்றாள். "முன்னாலயே சொல்லக் கூடாதா? இருங்க, இந்தப் புள்ளைக்கு இன்னொரு எலை கொண்டாரேன்."

நான் முக்காலியைக் கதவோடு நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.