மேஜையில் விட்டுப்போகாத புத்தகங்கள்

நூலக அறிவியல் முதுகலையின் கடைசி செமஸ்டரில் எல்லோருக்கும் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. ஏதாவது ஒரு நூலகத்தைப் பிடித்து, அங்கே புத்தகங்கள் எவ்வளவு புழங்குகின்றன என்று கணக்கெடுத்து எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் வைட்ஃபீல்டில் பெரிய கம்பெனிகளின் நூலகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஏசியில் உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டினால் கணக்கு வந்துவிடும். நான் வீம்புக்கென்று சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த சின்னத் தமிழ் மன்றத்தின் படிப்பகத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

வீம்பு மட்டும் காரணமில்லை. வேலூரிலிருந்து வந்த புதிதில், வேலை கிடைக்காமல் அலைந்தபோது, யார் நீ என்று கேட்காமல் எனக்கு ஃபேனுக்கு அடியில் இடம் கொடுத்த ஒரே அறை அது. அதைப் பார்த்துக்கொண்ட அக்கா படிப்பகத்தின் பின்னாலேயே ஒரு சின்ன அறையில் தனியாக இருந்தார். மன்றம் கொடுத்த சம்பளமும் அந்த அறையும்தான் அவருக்கு ஆதாரம்.

மன்றத்துச் செயலாளர் அனுமதி தந்தார். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு பிரதி தங்களுக்கும் வேண்டும் என்றார். கீழே இருக்கும் துணிக்கடைக்காரர் மாடியையும் குடோனுக்குக் கேட்கிறாராம். புத்தகங்களை யாராவது தொடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்களாம். என் கணக்கை வைத்துத்தான் முடிவா என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. எண்களை வைத்தே அக்காவைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன்.

அங்கே புத்தகத்தை வீட்டுக்குக் கொடுப்பதில்லை, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. படித்தவர்கள் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். மாலையில் மேஜைகளில் கிடப்பவற்றை எண்ணினால் அதுதான் அன்றைய புழக்கம். இதைத்தான் ப்ராஜெக்ட் திட்டத்தில் எழுதி, வழிகாட்டும் மேடத்திடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

முதல் நாள் மாலை மேஜைகளைப் பார்த்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. அன்று பகல் முழுக்க ஆட்கள் வந்து படித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கறிக்கடை வேலை முடிந்து கைகழுவிவிட்டு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று மேலே ஏறியவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள். எல்லோரும் எழுந்துபோகும்போது புத்தகத்தை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போனார்கள். வருஷக்கணக்காக அக்கா அவர்களைத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார். சுவரில் பலகையே எழுதி மாட்டியிருந்தார்.

அக்காவிடம் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். பலகையைக் கழற்றினார். நான் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சிக் கூத்தாடினேன். எல்லோரும் சரிம்மா என்று தலையாட்டினார்கள், எழுந்ததும் கை தானாக அலமாரிக்குப் போனது. தினமும் வரும் பெரியவர் ஒருவரிடம், தயவுசெய்து விட்டுவிட்டுப் போங்கள், நான் எடுத்து வைக்கிறேன் என்று ஏறக்குறைய அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"சாப்ட தட்ட அப்டியே வுட்டுட்டு எந்திரிக்கற மாதிரி இருக்குதும்மா," என்றார். பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பியபோது மெதுவாக எடுத்துப்போய் வைத்துவிட்டார்.

மேடத்திடம் ஓடினேன். மேஜையை விட்டுவிட்டு, படிக்கிற ஆட்களையே எண்ணிக்கொள்கிறேன் என்று மன்றாடினேன். பாதிப் பேர் பேப்பர் படிக்கத்தானே வருவார்கள், அது எப்படிப் புத்தகப் புழக்கம் ஆகும் என்று கேட்டார். கணக்கு பிடிக்கவில்லை என்பதற்காக நடுவில் முறையை மாற்றினால் அது ஆராய்ச்சியே இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருந்தது எனக்கு.

கணக்கெடுப்பு முடியப்போகிற சமயம், அக்கா காப்பி வாங்கப் போயிருந்தபோது, இரண்டு கை நிறையப் புத்தகங்களை உருவி மேஜைகளில் பரப்பினேன். பரப்பி முடிப்பதற்குள் அக்கா வந்து வாசலில் நின்றார். மேஜைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

"பொய்க்கணக்கு வேணாம் கண்ணு. நாளைக்கி யார்னா கண்டுபுட்சா உன் படிப்பு பூடும்."

"உங்க ரூம் போயிடும்க்கா."

"அது என் தலவலி," என்றார்.

எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. இந்த நேரத்தில் என்ன பெரிய நேர்மை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அழுதேன், ஆறிப்போன காப்பியைக் குடித்தேன், காலியான மேஜைகளைக் காலி என்றே எழுதிக்கொண்டேன்.

ரிப்போர்ட்டின் கடைசியில், இந்த வாசகர்கள் புத்தகத்தைத் தாங்களே எடுத்து வைத்துவிடுவார்கள், அதனால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம் என்று ஒரு பக்கம் எழுதினேன். செயலாளர் அட்டவணையை மட்டும் பார்த்தார். ரொம்ப நீட்டாகச் செய்திருக்கிறாய் என்று பாராட்டினார். மேடத்துக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் பிடித்திருந்தது. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார்.

மாடியைத் துணிக்கடைக்கே விடுவதென்று முடிவாகி, புத்தகங்களைச் சாக்கில் கட்டிய அன்று நானும் போயிருந்தேன். அக்கா காக்ஸ் டவுனில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார், அங்கே எத்தனை நாள் வைத்துக்கொள்வார்களோ தெரியாது என்றும் சொன்னார். நான் பாஸாகிவிட்டேனா என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"நீ வேலைக்கிப் போற லைப்ரரில எனக்கு எதுனா இருக்குமா? அடுக்கி வெக்கிற வேலன்னாலும் போதும்."

இருக்கிறது என்றேன். பெரிய நூலகங்களில் படித்தவர்கள் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், அவற்றை எடுத்து வைக்கத் தனியாக ஆள் போடுவார்கள் என்றேன். அதற்கென்று ஒரு ஆளா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்படியென்றால் தனக்குக் கட்டாயம் கிடைத்துவிடும் என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஏற்கெனவே விசாரித்திருந்தேன். அந்த வேலைக்கும் நூலகப் படிப்பில் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர்.