சீனி தொடாதவரின் கோப்பை

என் அக்கா டாக்டர் ஆனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் விழுந்து விழுந்து படித்தாள், நான் அதற்காக மாதம் ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அதைக் குடித்த வீட்டுக்குள் ஒருமுறை காலடி வைத்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள்.

அக்காவுக்குப் பேராதனையில் மருத்துவம் கிடைத்தபோது எங்கள் ஊரான மஹய்யாவில் பக்கத்து வீட்டார் வெடி கொளுத்தினார்கள். அப்பா டவுனில் ஒரு பாத்திரக் கடையில் சுமை இறக்குபவர். அன்று மட்டும் முதலாளியே அவருக்கு உட்காரக் கதிரை போட்டாராம். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அரசாங்கம் படிப்பை இலவசமாகக் கொடுக்கும், எலும்பைக் கொடுக்காது. ஆமாம், நிஜமான மனித எலும்பு. முதல் வருடத்தில் அதைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். ஒரு பெட்டி எலும்பு, தலையணை கனத்தில் புத்தகங்கள், கோட்டு, தினமும் பஸ். அப்பாவின் சம்பளத்தில் இதில் எதுவும் அடங்காது. படிப்பு வேண்டாம், துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று அக்கா சொன்ன அன்று அம்மா உலை வைக்கவில்லை.

அப்போதுதான் கோயில் ஐயர் டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஓய்வு பெற்ற ஆசிரியை, பேராதனையில் மலைச்சரிவு வீடொன்றில் தனியாக இருப்பவர். அவருடைய ஒரே மகன் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கும்போது காய்ச்சலில் இறந்துபோனான். அக்கா படித்து முடிக்கும்வரை மாதாமாதம் பணத்தை வங்கிக்கு அனுப்புவதாகவும், மகனின் புத்தகங்களையும் எலும்புப் பெட்டியையும் தருவதாகவும் அவர் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பின்னேரம் அக்கா அங்கே போய், அந்த மகனின் அறையில், அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் சத்தமாகப் படிக்க வேண்டும்.

அம்மா என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "தனியா அனுப்ப மாட்டேன். சின்னவளையும் கூட்டிக்கிட்டுப் போ," என்றாள். எட்டு வயதுப் பிள்ளை எந்தப் பேயை விரட்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரியும். ஆற்றுப் பக்கமிருந்து வரும் பனி ஜன்னல் கம்பிகளில் நீர் கோத்து நிற்கும். மகனின் அறையில் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அதில் மட்டும் உட்காரக் கூடாது என்று என்னை வாசலோரம் ஒரு பாயில் இருத்தினார் டீச்சரம்மா. கதிரையின் முதுகில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து அக்காவுக்கு அவரே மாட்டிவிட்டார். அந்த அண்ணன் நல்ல உயரம் போலிருக்கிறது. கோட்டு அக்காவின் கணுக்கால் வரை தொங்கியது, கைகள் உள்ளேயே காணாமல் போயின.

பிறகு மூன்று கோப்பைகள் வந்தன. அக்காவுக்கும் எனக்கும் பால் தேத்தண்ணீர். மூன்றாவது கறுப்பாக இருந்தது. அதை மேசையின் சுவர்ப்பக்க மூலையில் வைத்து, கைப்பிடியை வலப்பக்கமாகத் திருப்பினார்.

"இது தம்பிக்கு," என்று மகனைச் சொன்னார். "அவன் சீனி தொடமாட்டான்."

சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய், கதவைத் திறந்தே வைத்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். அக்கா பெட்டியைத் திறந்து எலும்புகளின் பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். "மெல்லப் படி பிள்ளை. தம்பி இப்பிடி ஓடமாட்டான்," என்று குரல் வந்தது. அக்கா மெல்லப் படித்தாள். ஓரிடத்தில் ஒரு நீண்ட பெயர் நாக்கில் சிக்கியது. சரியான பெயர் பக்கத்து அறையிலிருந்து வந்தது. மகன் படித்ததைக் கேட்டுக் கேட்டே அவருக்கு முழுப் புத்தகமும் பாடமாகியிருந்தது. அது இப்போது புரிகிறது. அன்று எனக்கு முதுகுத்தண்டில் ஐஸ் வைத்ததுபோல் இருந்தது.

முதல் இரண்டு மாதங்களும் நான் அந்தக் கறுப்புத் தேத்தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆவி அடங்கும், ஆறிப்போகும், நாங்கள் கிளம்பும்போது டீச்சரம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே கொட்டுவார். மூன்றாம் மாதம் நல்ல மழை. என் கோப்பை எப்போதோ காலி. அக்கா கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். யாரும் வந்து குடிக்கப்போவதில்லை என்பதைச் சோதித்துப் பார்க்க ஆசையோ, வெறும் தீனிப் பழக்கமோ, குதிகாலை உயர்த்தி மேசை மூலையிலிருந்து அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. திரும்ப வைக்கும்போது கோப்பை தட்டில் ணங்கென்று பட்டது. ஓடிப்போய்ப் பாயில் சுருண்டு தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

டீச்சரம்மா வந்தார். இமையிடுக்கால் பார்த்தேன். காலிக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். 

"பிள்ளை, நீ குடிச்சனியோ?"

"இல்லைங்கம்மா," என்றாள் அக்கா. அது உண்மைதான்.

"அப்ப சரி," என்றார். என்னை அவர் கேட்கவேயில்லை. எனக்குச் சந்தோஷமான சந்தோஷம்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா என் தாடையைப் பிடித்தாள். "வாயத் தொற." மோந்து பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே அழுதாள். திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால், தன் பிள்ளையின் பேரால் விளையாடினார்கள் என்று அந்த அம்மா பணத்தை நிறுத்திவிடலாம். அக்கா எழுதவேண்டிய சோதனைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சொல்லாவிட்டால் செத்துப்போன பையன் வந்து குடித்ததாக அவர் நம்பிக்கொண்டிருப்பார். இதில் எது பெரிய பாவம் என்று அக்கா வழி நெடுக என்னிடமே கேட்டாள். எனக்குப் பசிதான் எடுத்தது.

வீட்டில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "அடுத்த மாசம் கோப்பை நெறஞ்சிருந்தா அந்தம்மா மனசு ஒடஞ்சு போயிரும். இவளே குடிச்சுத் தொலையட்டும்." அப்பா வெளியே போய் நின்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் அக்கா டாக்டர் ஆக வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு நடுங்கிக்கொண்டே போனேன். இத்தனை நாளாய் விட்டுவைத்த அந்த அண்ணன், தன் பங்கைத் திருடியவளை இன்றைக்குச் சும்மா விடுவாரா? அக்கா கண் காட்டியதும் எட்டி எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தேன். இனித்தது. இரண்டு கரண்டி சீனி கரைத்த கறுப்புத் தேத்தண்ணீர்.  செத்தவர் கனவில் வந்து சீனி கேட்டிருக்கிறார், வேறெப்படி?

"அக்கா, இனிக்குது," என்று காதில் சொன்னேன்.

அக்கா படிப்பதை நிறுத்தினாள். கோட்டுக் கைக்குள்ளிருந்து விரலை வெளியே எடுத்து, கோப்பையில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பக்கத்து அறையில் அந்த முதுகு அசையவில்லை.

"படி பிள்ளை," என்று குரல் வந்தது. "நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்."

அக்கா படித்தாள். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை தடுக்கியது. அன்று எத்தனையோ பெயர்களைப் பக்கத்து அறைதான் எடுத்துக் கொடுத்தது. பஸ்ஸில் நான் நச்சரிக்க நச்சரிக்க அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். போன மாதம் அடித்தவள் இப்போது ஏன் கொஞ்சுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா கடைசிச் சோதனை எழுதும்வரை வங்கிக்குப் பணம் ஒரு மாதமும் தவறவில்லை. நானும் ஒரு மாதமும் தவறாமல் பயந்தேன், ஒரு மாதமும் தவறாமல் குடித்தேன். டீச்சரம்மா காலிக் கோப்பையை எடுத்துப் பார்த்து, "தம்பி குடிச்சிட்டான்," என்று என் தலைக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த இனிப்புக்கு அடுத்த மாதம் போனபோது மேசை மூலை வெறுமையாக இருந்தது. கோப்பை இடம் மாறியிருந்தது. என் பாயருகே ஒரு சின்ன முக்காலி, அதன் மேல் கோப்பை, பக்கத்தில் ஒரு பிஸ்கட். முக்காலி என் முழங்கால் உயரம்தான் இருக்கும். அந்த அண்ணன் இனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துதான் குடிக்கப்போகிறார் என்று நடுங்கி, பாயில் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். அத்தனை உயரமான ஒருவருக்கு யாராவது அவ்வளவு தாழ்வாகத் தேத்தண்ணீர் வைப்பார்களா என்று எனக்குத் தோன்றவேயில்லை.