தறி நின்ற மத்தியானம்

எங்கள் வீட்டு ரேடியோ உடனே பேசிவிடாது. குமிழைத் திருகினால் உள்ளே மெல்லச் சூடேறும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பச்சை வெளிச்சம் விழித்துக்கொள்ளும். பிறகு இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல ஒரு குரல் வரும். சின்ன வயதில் எனக்குக் குரலைவிட இரைச்சல்தான் பிடிக்கும். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே உள்ள ஏரிகளைத் தாண்டி வருகிற காற்றின் சத்தம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். அவருடைய வாலிபத்தில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் ரேடியோ கிடையாது. பூங்காவில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குக் கீழே, தறியை விட்டு எழுந்து வந்தவர்கள் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து செய்தி கேட்பார்களாம். பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெரிய மனிதர் அல்லவா, அதனால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அப்பா உட்காருவாராம். பிற்பாடு தானே ஒரு ரேடியோ வாங்கி, ஓட்டின் மேல் மூங்கில் நட்டு ஏரியல் கம்பியும் கட்டினார்.

அப்பேர்ப்பட்டவர்தான், ரேடியோ நாடகத்தில் பேசப்போகிறேன் என்று அக்கா சொன்னதும் தையத்தக்கா என்று குதித்தார். "நம்ம வூட்டுப் பொண்ணு கொரல ஊரே கேக்கணுமா?" அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அக்காவும் அவர் பெற்ற பெண்தானே, சென்னையில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா ரேடியோவைப் பழைய வேட்டியால் மூடினார். அவள் பேச்சையே எடுக்கவில்லை. அம்மா அழுததையெல்லாம் தறிச் சத்தம் விழுங்கிக்கொண்டது. எனக்கு அப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கருடசேவைக்கு வந்த சித்தி, அடுப்படியில் வைத்து அம்மா காதில் ரகசியமாகச் சொன்னாள். வருகிற வியாழக்கிழமை மத்தியானம், பெண்கள் நிகழ்ச்சியில் அக்கா நடிக்கிறாள். அம்மாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அடுத்த நொடியே கவலை. அப்பாவைக்கூடச் சமாளித்துவிடலாம், தெருவை என்ன செய்வது? வீட்டுக்கு வீடு தறி. அத்தனை தறிகளும் ஓடும்போது ரேடியோவில் காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றும் கேட்காது. எங்கள் தெருவில் தறி நிற்பது இரண்டுக்குத்தான். ஒன்று அமாவாசை, இன்னொன்று சாவு.

அம்மா ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலாகப் போனாள். "அர மணி நேரம் தறிய நிறுத்தச் சொல்லுமா. எம் பொண்ணு கொரல ஒரு தடவ கேட்டுக்கிறேன்." பெண்கள் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டு ஆண்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

வியாழக்கிழமை மத்தியானம், முதலில் கோடி வீட்டுத் தறி நின்றது. பிறகு எதிர்வீடு. ஒவ்வொன்றாக அடங்க அடங்க, அதுவரை கேட்டே இராத சத்தங்கள் வந்தன. கோபுரத்துக் கிளிகள். கிணற்று ராட்டினம். கண்ணாடி ஓட்டு வழியே விழுந்த வெயிலில் பட்டுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. தெருவே தூங்கி, நான் மட்டும் அதன் கனவுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

அப்பாவின் தறி மட்டும் ஓடியது. அதுவும் கொஞ்ச நேரந்தான். ஊர்த் தறி நின்றபின் தன் தறியை ஓட்ட எந்த நெசவாளிக்கும் கை வராது. தறிக்குக் கீழே மிதிகுழிக்குள் அவர் கால்கள் நின்றன.

"எந்த வூட்டுலமா?" என்றார் மெதுவாக.

அம்மா ரேடியோவை மூடியிருந்த வேட்டியை உருவிவிட்டுக் குமிழைத் திருகினாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு காலைக் குழியிலிருந்து எடுத்து எழுந்தார். ரேடியோவைப் போட்டு உடைக்கப் போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பச்சை வெளிச்சம் விழித்தது. இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து அக்கா வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவளாக நடித்தாள் போலும், எடுத்த எடுப்பிலேயே அழுதாள். அப்பா ஒரு கால் குழியிலும் ஒரு கால் தரையிலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம். எங்கள் தெருத் தறிகள் நின்றது பக்கத்துத் தெருவுக்கும் கேட்டிருக்கிறது. யாரோ போய்விட்டார்கள் என்று மாலையும் கையுமாக வந்தவர்கள், எங்கள் வீட்டில் அழுகை கேட்டதும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். கூட வந்த பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு, "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.

அப்பா திரும்பினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா," என்றார். "எம் பொண்ணு பேசிக்கினு இருக்குது."

ஒப்பாரி நின்றது. மாலையோடு வந்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அப்பா குழியை விட்டு ஏறி வந்து, தறிக்கட்டையில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தார்.